பஞ்சாட்சரம் விரித்த ஹைத்திக் கொடிகள்

பஞ்சாட்சரத்தைப் பட்டுக் கடையிலிருந்து அனுப்பியதற்குக் காரணம் ஒன்றுதான். வாங்க வந்தவர், வேடிக்கை பார்க்க வந்தவர் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. மழைக்கு ஒதுங்கியவளுக்கும் முப்பது சேலை விரித்தார். இருபத்திரண்டு வருடம் வெள்ளை மெத்தையில் மண்டியிட்டு அவர் செய்தது ஒரே வேலை. மடிப்பை உதறுவது, முந்தியை வீசுவது, ஜரிகையை விளக்குக்குச் சாய்ப்பது.

“காட்டுறதுக்காய்யா கடை வச்சிருக்கேன்? விக்கிறதுக்கு” என்றார் முதலாளி. மறுநாள் வர வேண்டாம் என்றார்.

பிறகு கிடைத்தது, கீரை மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சிறிய அருங்காட்சியகத்தில் காவலர் வேலை. நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் “தொடாதீங்க” என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தால் அதில் ஒருவர் தபால்காரர்.

1969 ஆடி மாதத்தில் நிர்வாகக் குழு ஒரு முடிவுக்கு வந்தது. கூடத்தை நெசவாளர் சங்கத்தின் நூல் கிடங்குக்குக் கொடுத்துவிடலாம். காப்பாளர் பூவராகவன் கடைசியாக ஒரு வாய்ப்புக் கேட்டார். ஹைத்தி நாட்டுக் கலைக் கண்காட்சி ஒன்று சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிற வழியில் இருந்தது. அதை ஒரு மாலை மட்டும் இங்கே இறக்க ஏற்பாடு செய்தார். அனுமதி இலவசம்.

“ஏழு மணிக்கு வருவேன்” என்றார் குழுவின் செயலாளர். “கூடம் நிறைஞ்சிருந்தா மியூசியம். இல்லேன்னா நூல் மூட்டை.”

நூல் மூட்டை வந்தால், பஞ்சாட்சரம் இரண்டாம் முறையாக வீட்டுக்குப் போய், வேலை போயிற்று என்று மனைவி தில்லையம்மாளிடம் சொல்ல வேண்டியிருக்கும். முதல் முறை சொன்னபோது அவள் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஐந்தரைக்குக் கதவைத் திறந்தார்கள். எண்ணெய்ப் பீப்பாய்த் தகரத்தை வெட்டிச் செய்த மீன்களும் பறவைகளும் ஒரு சுவரில். மற்ற மூன்று சுவர்களிலும் சாட்டின் துணியில் சம்கியும் மணியும் தைத்த பன்னிரண்டு கொடிகள். ஹைத்தி கடல் நடுவே ஒரு தீவில் இருக்கிறது என்றும், கரும்புத் தோட்டத்து அடிமைகள் போரிட்டு விடுதலை வாங்கிய நாடு என்றும் பூவராகவன் எழுதி ஒட்டியிருந்தார். கண்காட்சியோடு வந்திருந்த ஹைத்திக்காரப் பெண்மணி லூசியென் ஒரு மூலையில் கைகட்டி நின்றார்.

ஆட்கள் வராமல் இல்லை. வந்தவர்கள் வாசலில் செருப்பை விட்டார்கள். இடமிருந்து வலமாகக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். ஒருவர் கொடியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெளியே போய்விட்டார்கள். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று.

ஆறரைக்குக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். தாமல் கிராமத்திலிருந்து கோயிலுக்கு வந்த அங்கம்மாள் என்ற பெண் ஒரு கொடியின் முன் நின்றாள்.

“இன்னாபா இது, கறுப்பா கம்முனு கெடக்குது? இதுக்கா கூப்ட்டீங்க?”

பஞ்சாட்சரம் நிமிர்ந்து பார்த்தார். அவள் சொன்னது உண்மை. விளக்கு நேராக விழுந்தது. கொடி அசையவில்லை. சம்கி செத்துக் கிடந்தது. ஜரிகையை இப்படி ஆணியில் மாட்டினால் எவள் திரும்பிப் பார்ப்பாள்?

அவர் எழுந்து போய்க் கொடியைக் கழற்றினார்.

“யோவ்!” பூவராகவன் ஓடி வந்தார். “தொடாதேன்னு ஊருக்கே சொல்றவன் நீ!”

“ஒரு நிமிஷம் சார்.” மேஜை மேலிருந்த வெள்ளை விரிப்பை உருவித் தரையில் போட்டார். மண்டியிட்டார். “உக்காரும்மா. நின்னுக்கினு பாத்தா ஒண்ணும் தெரியாது.”

கொடியை ஒரு முறை உதறி, வீசி, விளக்குக்குச் சாய்த்தார். நீலம் எரிந்தது. அதன் நடுவிலிருந்து ஒரு சிவப்புப் பாம்பு புரண்டு எழுந்தது.

“அடியம்மா!” என்றாள் அங்கம்மாள். உட்கார்ந்துவிட்டாள்.

“இது கரை, மூணு வரிசை சம்கி. இது உடல். ஒவ்வொண்ணும் கையால தச்சது. சாயம் போவாது.”

“வெலை சொல்வியா?” என்று யாரோ கேட்க, கூடம் சிரித்தது. சிரிப்புச் சத்தம் தெருவுக்குப் போயிற்று. செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பட்டு விரித்த இடத்தில் நின்று பார்க்கிற வழக்கம் இந்த ஊரில் இல்லை.

குமாரவேல் என்ற நெசவாளர் முன்னால் நகர்ந்து, கொடியின் ஓரத்தைப் பிடித்துப் புரட்டினார். பூவராகவன் கண்ணை மூடிக்கொண்டார். குமாரவேல் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“முடிச்சு ஒண்ணுகூடத் தெரியலியே. யார் கைபா இது?”

லூசியென் என்ன என்று கேட்டார். பூவராகவன் ஆங்கிலத்தில் சொன்னார். லூசியென் சொன்ன பதிலைத் தமிழில் சொல்லும்போது பூவராகவனின் குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

“அவங்க அக்கா தைச்சதாம். இவங்க கொடிகளோட எட்டு ஊர் போய்ட்டு வந்தாங்களாம். பின்பக்கத்தைத் திருப்பிப் பாத்தது நீங்கதான் முதல் ஆளாம்.”

லூசியென் விரிப்புக்கு வந்தார். இன்னும் ஏதோ சொன்னார்.

“அங்கே இதை யாரும் சுவத்துல மாட்ட மாட்டாங்களாம். கையில எடுத்து ஆடிக்கிட்டே வருவாங்களாம்.”

“பாத்தீங்களா சார்” என்றார் பஞ்சாட்சரம்.

லூசியென் அடுத்த கொடியைத் தாமே கழற்றினார். ஒரு முனையைப் பஞ்சாட்சரத்திடம் கொடுத்தார். இருவரும் சேர்ந்து உதறினார்கள். தங்க நிறத்தில் ஒரு கப்பல் கூடத்தின் குறுக்கே போயிற்று. முன்வரிசைப் பெண்கள் கை தட்டினார்கள். லூசியென் காலால் தாளம் போட்டார். பின்னாலிருந்த யாரோ கதவுப் பலகையில் அதையே திருப்பி அடித்தார்.

ஏழு மணிக்குச் செயலாளர் வந்தார். வாசலில் செருப்பு விட இடமில்லை. உள்ளே கால் வைக்க இடமில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

“யோவ், மறைக்காத! உக்காரு!” என்றது பின்வரிசை.

பூவராகவன் அவரைப் பார்த்தார். செயலாளர் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

“இன்னொண்ணு காட்டுபா” என்றாள் அங்கம்மாள்.

“காட்டறேம்மா” என்றார் பஞ்சாட்சரம். “இன்னும் பத்து இருக்குது. ஒண்ணு வுடாம காட்டறேன்.”