கொரியாவுக்குப் போன பெரிய காய்கள்

லெசியேலி அத்தை என் அப்பாவுக்கு அக்கா. எங்கள் டோங்காத் தீவுகளில் குடும்பத்துக்குள் அத்தைக்கு மேல் ஆளில்லை. கல்யாணமோ சாவோ, அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவோம்.

கணவர் கடலோடு போனபின் தனியாகப் பரங்கி பயிரிட்டு நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஊர்ப் பிரபுவுக்குக் காய் போகிறதென்றால் பொறுக்கியெடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தொட்டு எடுத்ததில் ஒரு சொத்தை இருந்ததில்லை.

எங்கள் பரங்கி ஜப்பானுக்கு மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. அங்கே விலை விழுந்தால் இங்கே அடுப்பு எரியாது. அப்போதுதான் கொரியாவில் ஒரு கடைக்காரர் மாதிரிக்கு இருநூறு பெட்டி கேட்டார். பிடித்துவிட்டால் அடுத்த வருடம் எங்கள் பன்னிரண்டு குடும்பத்துக் காயையும் அவரே எடுத்துக்கொள்வார். ஏற்றுமதிக்காரர் கெபு, நாங்கள் காய் அடுக்கும் கொட்டகையின் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுத் துறைமுகத்துக்குப் போனார். ஆறாவதோடு நின்ற நான் எழுத்துக்கூட்டிப் படித்து அங்கிருந்த எல்லோருக்கும் சொன்னேன்: ஒரு காய் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கூடாது.

மதியம் அத்தை வந்தார். கோயிலுக்குப் போகும்போது மரியாதைக்குக் கட்டுகிற பாயை இடுப்பில் சுற்றியிருந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னடி லோசே, காயா கோழிமுட்டையா? முதமுதலா நம்ம காயத் திங்கப்போறவங்க. இதை அனுப்புனா ஊர் மானமே போயிடும்!"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மூன்று கிலோக் காய்களாக அடுக்கினார். மூடி மூடவில்லை. முழங்காலால் அழுத்தினார்.

பக்கத்தில் காய் அடுக்கிக்கொண்டிருந்த ஃபிஃபிதா என் விலாவில் இடித்தாள். "உன் அத்தைதானே, சொல்லேன்."

"நீ சொல்லு."

"எனக்கென்ன தலையெழுத்தா?"

இரண்டு நாளும் அத்தைதான் பொறுக்கினார். நான் பெட்டிகளுக்கு நாடா ஒட்டினேன்.

ஐந்து வாரம் கழித்துக் கெபு கொட்டகைக்கு வந்து எல்லோரையும் கூட்டினார். "கடையில பாதி அப்படியே நின்னுபோச்சு. அங்க வீட்டுக்கு ரெண்டு பேரு. இவ்ளோ பெரிய காயை யாரு தூக்கிட்டுப் போவா? பொறுக்குனது யாரு?"

"நான்தான்," என்றார் அத்தை. "சின்னதா வேணும்னு யாரு சொன்னா?"

கெபு சுவரைக் காட்டினார். "லோசே படிச்சுச் சொல்லலையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது. "சொன்னேன். மத்தவங்களுக்கு."

"எனக்கு ஏன்டி சொல்லல?"

"நீங்க அத்தையாச்சே."

அத்தை திட்டவில்லை. கவிழ்த்த பெட்டி ஒன்றில் உட்கார்ந்து கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை. நான் போனேன், பாட வாய் திறக்கவில்லை. மரியாதையால்தான் சொல்லவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அதோடு, எப்போதும் சரியாகவே இருக்கிற அத்தை ஒரே ஒருமுறை தப்புப் பண்ணட்டுமே என்றும் நினைத்தேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கெபு கொரியாக் கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் இருபது பெட்டிக்குச் சம்மதம் வாங்கினார். அதை அடுக்கும் நாளன்று காலை எல்லோருக்கும் முன்பாக அத்தை வந்து தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை எதிரே உட்காரச் சொன்னார். ஒரு பெரிய காயை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது?"

"வேண்டாம் அத்தை." எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுடி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

தலை நிமிர முடியவில்லை. "வேண்டாம் அத்தை!" என்றேன். அவர் அதைத் தரையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.