தாத்தாவின் கம்பியூட்டர்

மச்சான் மௌத்தாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தாத்தா எங்கள் கற்பிட்டி வீட்டின் பின் அறையில் இத்தா இருந்தாள். தாத்தா என்றால் வெளியூர்க்காரர்கள் கிழவரைத் தேடுவார்கள். எங்கள் சனத்துக்கு அது மூத்த சகோதரி. மச்சான் அவளுடைய கணவர். இத்தா என்றால், கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. அந்தக் கெடு முடியும் தேதியை எங்களைவிடச் சரியாக ஏஜென்சிக்காரர் மனதில் வைத்திருந்தார். முடிந்ததும் குவைத்தில் வீட்டு வேலை. ஐந்து வயது மகளை என்னிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

போகாமலிருக்க ஒரே ஒரு வழி வந்தது. வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இணையத்தில் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் வேலை. தாத்தா ஓதினால் பக்கத்து வீட்டுப் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்பார்கள். கொழும்பிலிருந்து ஒரு டீச்சர் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவளை ஓதச்சொல்லிக் கேட்பதாக ஏற்பாடு.

இணைப்போ ஹோலில் இருந்தது. டெலிபோன் வயர் முன் ஜன்னலால் வந்து, வைஃபை இல்லாத பழைய பெட்டி ஒன்றில் ஏறி, அங்கிருந்து என் கம்பியூட்டருக்குப் போகும். ஹோலில் எங்கள் அண்ணன், நானாவின் படகு ஆட்கள் வந்து போவார்கள். ஒரு மணி நேரம் கதவைச் சாத்துவோம் என்று கெஞ்சினேன்.

"கெடு முடியாம நான் இந்தப் படிய தாண்ட மாட்டன். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, இங்கால கொண்டு வா" என்றாள்.

எனக்குத்தான் எல்லாம் தெரியும். புத்தளத்தில் ஆறு மாதம் கம்பியூட்டர் படித்த தலைக்கனம் எனக்கு நிறையவே இருந்தது. விரல் நகமளவு வைஃபை குச்சி ஒன்றை வாங்கி என் கம்பியூட்டரில் செருகினேன். வயரில் வருவதை அது காற்றில் அனுப்பும், பின் அறையில் தாத்தாவிடம் இருந்த கம்பியூட்டர் பிடித்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை பகல் அது பிடிக்கவும் செய்தது. ஆனால் 'இணையம் இல்லை' என்றே காட்டியது. மூன்று தரம் அணைத்து அணைத்துப் போட்டேன். பொறுமை போய், இணைப்புத் தந்தவர்களின் உதவி இலக்கத்துக்கு அழைத்தேன்.

எடுத்தவர் சிங்களத்தில் பேசினார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "தாத்தாகெ கம்பியூட்டர் எகட்ட இன்டர்நெட் என்னெ நே" என்றேன். தாத்தாவின் கம்பியூட்டருக்கு இன்டர்நெட் வருவதில்லை என்பது என் நினைப்பு. சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். இது எனக்குத் தெரியாததல்ல. அந்த அவசரத்தில் நினைவில் இல்லை, அவ்வளவுதான். இணைப்பும் தகப்பன் பெயரில், எங்கள் வாப்பாவின் பெயரிலேயே இருந்தது. போனில் இருந்தவர் சந்தோஷமாக, "தாத்தாட தென்ன" என்றார். தாத்தாவிடம் கொடுங்கள்.

நானும் ஓடிப்போய்த் தாத்தாவிடம் கொடுத்தேன்.

அந்நிய ஆண் என்று தயங்கியே வாங்கினாள். அவர் ஏதோ கேட்டார். "மம தமை தாத்தா" என்றாள் இவள், நான்தான் தாத்தா என்று. மறுமுனையில் அவர் சிரித்தது எனக்கே கேட்டது. நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு அவர் பெயருக்குரியவர் எங்கே என்று கேட்டிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாதவள், வாப்பா மௌத்தாகி மூன்று வருடம் என்று சொல்லிவிட்டாள். அவர் மரியாதையாக அனுதாபம் சொன்னார். பெயர் மாற்றும்வரை இணைப்பை நிறுத்திவைப்பதுதான் சட்டம் என்றும் சொன்னார். பின்னேர அஸர் தொழுகைக்கு முன் பெட்டியின் விளக்கு அணைந்துவிட்டது.

மறுநாள் என் போன் டேட்டாவில் ஓதினாள். எங்கள் மூலைக்கு சிக்னல் வருவதே பெரிய காரியம். "கேட்கல்ல... மகள், கேட்கல்ல" என்று டீச்சர் நாலைந்து தரம் சொன்னார். பிறகு அடுத்தவரை அழைத்தார். தாத்தா ஓதுவதை நிறுத்தாமல் அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அவள் குவைத் போன பிறகுதான் பெயர் மாற்றி, இணைப்பைத் திரும்ப எடுத்தோம். அன்று என்ன பிழை என்று அப்போது கண்டுபிடித்தேன். மற்றவர்களும் இந்த இணைப்பைப் பாவிக்கலாம் என்ற சின்னக் கட்டத்தில் சரி போடாமல் விட்டிருக்கிறேன். அந்த அழைப்புக்கே தேவை இருக்கவில்லை. இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் எனக்கு வராது.

இப்போது பின் அறையிலும் நன்றாக எடுக்கிறது. போன வெள்ளிக்கிழமை தாத்தா வீடியோவில் வந்தாள். மகள் படம் கீறிக்கொண்டிருந்தாள், கூப்பிட்டும் திரும்பவில்லை.

"போன வெச்சிராத. சும்மா இருக்கட்டும், பாத்துட்டு இருக்கன்" என்றாள் தாத்தா. கமராவைப் பிள்ளையின் முதுகுப் பக்கம் திருப்பி வைத்தேன்.

ஒரு தாள் முடிந்து படம் அடுத்த தாளுக்குப் போனது. பிள்ளை தலை நிமிராமல் தன் தாயைப் பற்றி என்னிடம் கேட்டாள்:

"சாச்சி, அந்த ஆக்கள் வெச்சிட்டாங்களா?"

"ஓம்" என்றாள் திரையிலிருந்த தாத்தா, நான் வாய் திறக்க முதல்.