பின்சக்கரத்துக்குப் பாதிக் காற்று

எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் எண்ணெய் கண்டது அப்பாவின் சைக்கிள் ஒன்றுதான். எனக்குத் தீபாவளிக்குத் தீபாவளி தலையில் எண்ணெய் வைப்பார்கள். சைக்கிளுக்கோ ஞாயிறுதோறும் தீபாவளி. இலஞ்சியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முற்றத்தில், காலைக் காப்பி குடித்த கையோடு அப்பா அதை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார். ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய், ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய், கிழித்த பழைய வேட்டி, ஒரு ஸ்பேனர். பக்கத்தில் நான். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது. பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த அழுக்கு வேலை என்று தெருவில் சொல்லிப் பார்த்தார்கள். வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை, அப்பாவுக்கு வேறு ஆள் ஏது?

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். மனிதர்களிடம் பேசவே யோசிப்பவர், சைக்கிளிடம் மட்டும் எல்லாவற்றையும் விசாரிப்பார். செயினை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார். ரிம்மில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது என்பதால் அதற்குத் தனியாக உலர்ந்த துணி. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, கோட்டம் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டி, தளர்ந்தது எது என்று சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். பிரேக் கட்டையை நகத்தால் கீறுவார். கேரியரின் திருகுகளை மட்டும் இரண்டு தடவை முறுக்குவார், ஏனென்றால் அதில்தான் அம்மா உட்காருவாள்.

கடைசியில் காற்று. வால்வு டியூபைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டுவதால் இருந்த காற்றெல்லாம் போயிருக்கும், புதிதாக அடிக்க வேண்டும். அது என் வேலை. முன்சக்கரத்துக்கு அறுபது, பின்சக்கரத்துக்கு முப்பது. நான் பம்பைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, உடம்பையே கொடுத்து அமுக்கியபடி உரக்க எண்ணுவேன். உள்ளே கட்டிலில் படுத்திருக்கும் அம்மாவும் கூடவே எண்ணுவாள். முடிந்ததும் அப்பா கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்ப்பார். முன்சக்கரத்தில் விரல் இறங்காது. பின்சக்கரத்தில் நகம் முழுக்க இறங்கும். இறங்கினால்தான் அவருக்குத் திருப்தி.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. வெள்ளிக்கிழமை தோறும் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். ஒரு தடவை ஜட்கா வண்டியில் கூட்டிப் போனார்கள், குலுங்கிய குலுங்கலில் பாதி வழியிலேயே மயங்கிவிட்டாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா என்பது உறுதியில்லை. அதற்குப் பிறகு சைக்கிள்தான். கேரியரில் ஜமக்காளத்தை நாலாக மடித்துக் கட்டி, அதன்மேல் ஒரு தலையணை. அப்பா மிதிக்கிறாரா தள்ளுகிறாரா என்று தெரியாத வேகத்தில் அவர்கள் தெருமுனை திரும்புவதை நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தப் பின்சக்கரத்தால் எனக்குத் தெருவில் தலை காட்ட முடியவில்லை. "உங்க வீட்டு வண்டி என்னைக்கும் பஞ்சராட்டி?" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணாச்சி இன்னும் ஒருபடி மேலே போனார். "உங்கப்பாட்ட சொல்லுட்டி. இப்பிடிக் காத்தில்லாம ஓட்டுனா டயரு வெடிச்சுப் போவும், டியூபும் நசுங்கும். துடைச்சித் துடைச்சி வச்சி என்னத்துக்கு?" அப்பாவிடம் கேட்டேன். "அது அப்பிடித்தான் இருக்கணும்" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. அம்மா ஒரே ஒரு ஆசை சொன்னாள். குற்றாலத்துக்கு ஒரு தடவை போக வேண்டும்.

"குளிக்கவா போறேன்? பக்கத்துல போயி நின்னு மூஞ்சில தண்ணி தெறிச்சாப் போதும்."

அப்பா மூன்று நாள் யோசித்தார். டாக்டரிடமும் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் போகலாம் என்றார். அம்மா அந்த வாரம் முழுவதும் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

ஞாயிறன்று அப்பா அம்மாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். அவளால் கையைத் தூக்க முடியாது. "இன்னைக்கு வண்டிய நீயே பாத்துரு" என்று என்னிடம் சொன்னார். அதுவரை அவர் யாரையும் நம்பி அந்த வேலையை விட்டதில்லை. செயின், ரிம், கம்பி, பிரேக், திருகு என்று ஒன்று விடாமல் பார்த்தேன். முன்சக்கரத்துக்கு அறுபது, பின்சக்கரத்துக்கு முப்பது என்று அடித்தும் முடித்தேன். அம்மாவும் உள்ளேயிருந்து எண்ணினாள். பிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. அம்மா அருவி பார்க்கப் போகிற நாளில் வண்டி சப்பையாகவா போவது? நடுவழியில் டயர் வெடித்தால்? சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். அண்ணாச்சியே பம்பை எடுத்து, கல் மாதிரி ஆகும்வரை அடித்துக் கொடுத்தார். "இப்பத்தான் இது வண்டி" என்றார். அப்பா வெளியே வந்து பிரேக்கை மட்டும் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் பாத்துட்டியா?" என்றார். பார்த்துவிட்டேன் என்றேன். அன்றைக்கு மட்டும் அவர் டயரை அமுக்கிப் பார்க்கவில்லை.

நான் முன்னால் பாரில், அம்மா பின்னால். வண்டி பறந்தது. அப்பாவுக்கு மிதிக்கிற சிரமமே இல்லை. என் கைங்கரியம் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல நாக்குத் துறுதுறுத்தது. குற்றாலம் ரோட்டில் மழையில் அரித்த இடங்களில் சரளை கொட்டியிருந்தார்கள். அதில் ஏறியதும் என் பற்கள் கடகடவென்று ஆடின. எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் அம்மா, "நிறுத்துங்க" என்றாள்.

ஒரு சின்னப் பாலம். அதன் கைப்பிடிச் சுவரில் அம்மாவை உட்கார வைத்தார். அவள் முகம் வெளுத்து, உதட்டைக் கடித்த இடத்தில் இரத்தம் இருந்தது. தூரத்தில் மலையில் அருவி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. "இங்கன இருந்தே தெரியுதே. இது போதும், வீட்டுக்குப் போவோம்" என்றாள். அந்தக் கோடு எங்கள் வீட்டுப் புறவாசலில் நின்றாலும் தெரியும்.

அப்பா குனிந்து பின்டயரை அமுக்கினார். விரல் இறங்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்குள் அம்மா பேசினாள்.

"பிள்ளய ஏசாதீய. நாந்தான் கடையில குடுத்துக் காத்தடிச்சிட்டு வான்னு அனுப்புனேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. நானாக யோசித்து, நானாகச் செய்த வேலை. அதை ஏன் அம்மா தன்னுடையதாகச் சொல்ல வேண்டும்? அப்பா வால்வைத் திருகிப் பாதிக் காற்றை விட்டார். அம்மாவை மறுபடி உட்கார வைத்து, வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் பத்தடி பின்னால் நடந்தேன்.

அடுத்த ஞாயிறு முப்பது அடித்து முடித்ததும் அப்பா என் கட்டைவிரலைப் பிடித்துப் பின்டயரில் வைத்து அமுக்கினார். "இது அம்மைக்கு உள்ள காத்துட்டி. இதுக்கு மேல போனா வண்டி தூக்கிப் போடும். அவளுக்குத் தாங்காது" என்றார். ஏசியிருந்தால் அழுதிருப்பேன். அவர் ஏசவில்லை, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். என்னால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடவுளே, அம்மாவுக்கு எவ்வளவு காற்று அடித்தாலும் வலிக்காத ஒரு நாள் வரட்டும் என்று தினமும் கும்பிட்டேன். பாலத்தில் செய்த பாவம் அன்றைக்குத்தான் தீரும் என்பது என் கணக்கு.

ஆவணியில் அந்த நாள் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அப்பா, பக்கத்து வீட்டுக்காரரிடம் வாசலில் நின்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "இனிமே கூட்டிட்டு வரவேண்டாம்னுட்டாரு டாக்டரு." என் காதில் விழுந்தது அவ்வளவுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊசி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, அம்மாவுக்குக் குணமாகிவிட்டது! அம்மாவிடம் அப்பா வேறு மாதிரிச் சொன்னார். ரெண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த சாரலுக்கு மெதுவாக அருவிக்கே போய்விடலாம் என்றார். அம்மாவும் சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எல்லாம் துடைத்தோம். அன்றைக்கு அப்பா கேரியர் திருகுகளை ஒரு தடவைதான் முறுக்கினார். முன்சக்கரத்துக்கு அறுபது ஆனது. பிறகு என் பக்கத்தில் குனிந்து, "நாளைக்குச் சங்க வேலையா பண்பொழி வரைக்கும் போணும். பின்னாலயும் நெறய அடிச்சிரு. சத்தம் போட்டு எண்ணாத" என்றார். நெறய! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நான் வாயை மூடிக்கொண்டுதான் அடித்தேன். ஆனால் பம்பின் சத்தத்தைக் கேட்டு அம்மா உள்ளேயிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். ஒண்ணு, ரெண்டு என்று மெலிந்த குரலில் வந்தது. முப்பது என்றதும் நிறுத்தினாள். நான் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் பம்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏட்டி, பின்வீலுக்கா அடிக்க?"

"ஆமாம்மா! அப்பா நெறய அடிக்கச் சொல்லிட்டாவ!"

அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். நான் கத்தியதற்குக் கோபம் என்று எண்ணிக்கொண்டேன். இரண்டு நாளாக அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு மறைத்ததை ஒரு கூச்சலில் நான் சொல்லி முடித்தது எனக்கு அப்போது தெரியாது. அம்மா அந்தச் சைக்கிளில் ஏறப்போவதில்லை என்பதும் தெரியாது. நான் மறுபடி பம்பை அமுக்க ஆரம்பித்தேன். பிறகு அம்மாவின் குரல் வந்தது.

"நல்லா அடிட்டி. எதுல நிக்கி?"

"நாப்பது!"

"நாப்பத்தொண்ணு" என்றாள். விட்ட இடத்திலிருந்து ஒன்று விடாமல் எண்ணினாள். இடையிடையே மூச்சு வாங்கியது, ஆனாலும் எண்ணினாள். அவள் அறுபது என்று சொன்னதும் நான் கை தட்டினேன்.