வாலில் போட்ட மார்க்

தேயிலைப் பெட்டிகளில் எஸ்டேட் மார்க் அடிப்பதுதான் என் வேலை. தகரத்தில் வெட்டிய அச்சைப் பலகைமேல் வைத்துக் கறுப்பு மையைத் தேய்க்கவேண்டும், அவ்வளவுதான். பக்கத்து எஸ்டேட் கொழுந்தும் எங்கள் ஃபேக்டரிக்கு வரும். அதற்கும் எங்கள் மார்க்தான். யார் பொருளுக்கு யார் மார்க் என்றெல்லாம் யோசித்துப் பழக்கமில்லை.

பெட்டி செய்யும் தச்சர் என் சிநேகிதர். உடைந்த பெட்டிப் பலகைகளில் சின்னச் சின்ன விமானங்கள் செய்வார். உலகச் சண்டைக் காலம், சீமைப் பொம்மைகள் வருவது நின்றுபோயிருந்தது. குன்னூர் கடைவீதியில் பொம்மை விற்கும் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினோம். "சாமான் நல்லாருக்குதுங்க. ஆனா சீமைக் கம்பெனி மார்க் இல்லாம தொரைமாருங்க வாங்கமாட்டாங்க" என்றார்.

தச்சர் தயங்கினார். "என்ற கையில செஞ்சதுங்க. வால்ல ஒரு குருவி போட்டுக்கலாமுங்களா?" என்று என்னைத்தான் கேட்டார். குருவியை எவன் வாங்குவான் என்று சிரித்தேன். பழைய பொம்மைப் பெட்டி மூடியைப் பார்த்து அந்தக் கம்பெனி மார்க்கை அப்படியே தகரத்தில் வெட்டியவன் நான். வெட்டு சுத்தமாக வந்ததில் பெருமை வேறு.

கிறிஸ்துமஸுக்கு விமானங்கள் சுடச்சுட விற்றன. எங்கள் துரை பங்களாவுக்கும் ஒன்று போயிற்று. அவர் குழந்தை அதைக் குளிக்கும் தொட்டியில் போட்டு ஊறவைத்ததில் இறக்கைச் சாயம் கரைந்து, அடியில் பெட்டிப் பலகையிலேயே இருந்த எஸ்டேட் மார்க் வெளியே தெரிந்தது. வாலில் சீமை மார்க், இறக்கையில் எங்கள் மார்க். இரண்டும் நான் அடித்தவை.

துரை விமானத்தோடு பெட்டி அறைக்கே வந்துவிட்டார். அடுத்தவன் மார்க்கைப் போட்டு விற்பது திருட்டு, ஜெயிலில் தள்ளிவிடுவேன் என்று கத்தினார். யார் போட்டது என்று கேட்டார். மைக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"நாந்தானுங்க" என்றார் தச்சர்.

அன்றைக்கே அவர் சீட்டு கிழிந்தது. எஸ்டேட் லயத்து வீட்டை அவர் காலி செய்யும்போது மன்னிப்புக் கேட்கப் போனேன். கேட்காமல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "உடுங்க, உங்களுக்குக் கொழந்த குட்டி இருக்குதுங்க" என்றார். அவருக்கும் இருந்தது, மூட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

கிளம்பும்போது ஒரு விமானத்தை என் கையில் கொடுத்தார். "இதுல மார்க் எதும் போடலீங்க. நீங்களே பாத்துப் போட்டுக்குங்க."

குருவி வரையத்தான் எத்தனையோ முறை பிரஷ்ஷை எடுத்தேன். அது எப்படிப்பட்ட குருவி என்று அவரிடம் நான் கேட்டதே இல்லை.