தராசுக்காரரும் சாயங்கால டீயும்

அந்தக் கறிக்கடைக்காரருக்குத் தெருவில் தராசுக்காரர் என்று பெயர். கறி நிறுப்பதால் வந்த பெயர் இல்லை. மளிகைக் கடையில் சர்க்கரை வாங்கினாலும் நேரே வீட்டுக்குப் போகமாட்டார். தன் கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நடையைக் கட்டுவார். இதுவரை எந்தக் கடையிலும் எடை குறைந்ததில்லை. அதுவும் அவருக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. எல்லாரும் பேசி வைத்த மாதிரி எப்படி ஒழுங்காக நிறுக்கிறார்கள்?

ஆடு வாங்கவும் அவர் தரகரை நம்பமாட்டார். ஊருக்கு வெளியே இருக்கும் பட்டிகளுக்குத் தானே போய், முட்டளவு புல்லில் இறங்கி, ஒவ்வொரு ஆட்டையும் முதுகு, விலா, தொடை என்று அமுக்கிப் பார்த்துத்தான் பேரம் பேசுவார். திரும்பி வரும்போது சட்டையில் புழுக்கையும் முள்ளும் ஒட்டியிருக்கும். தரகர்கள் அவருக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஏமாறுவது நானில்லை என்பார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் மருமகள் வந்தாள். மகன் அவனாகவே பார்த்து முடிவு செய்த பெண். இவர் ஆன மட்டும் தடுத்துப் பார்த்தார், நடக்கவில்லை. கல்யாணத்துக்குப் போனார், சாப்பிட்டார், போட்டோவில் மட்டும் சிரிக்க மறுத்துவிட்டார். மருமகளோ இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. வாய்க்கு வாய் மாமா என்றாள். ஞாயிற்றுக்கிழமை கறி சமைப்பதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் அவளே டீ போட்டு, ஓரம் உடைந்த அவருடைய கப்பில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தி இவ்வளவு நல்லவளாக இருக்க முடியுமா என்று அவர் யோசித்தார். போதாக்குறைக்கு அவளுக்கு வேலை மருந்துக்கடையில்.

முதல் தடவை அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானம் ஆட்டுக்கறியை ஒரு பிடி பிடித்துவிட்டுத் தூங்கி எழுந்து, டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை அரித்தது. சொறியச் சொறிய அரிப்பு கைக்கு ஏறி, முதுகெல்லாம் தடித்து, உதடு வீங்கிவிட்டது. தெருமுனை டாக்டர் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை வாங்கி வந்தவள் மருமகள். தராசுக்காரர் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, அவள் போனதும் வாஷ்பேசினில் துப்பினார்.

அடுத்த வாரமும் வந்தது. அதற்கடுத்தும் வந்தது. எல்லாம் டீக்குப் பிறகுதான். இன்னொன்றையும் கவனித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை மருமகள் போகாமல் நின்று அவர் முகத்தையே பார்த்தாள். எதற்குப் பார்க்கிறாள்? நடுவில் ஒரு வாரம் அவளும் மகனும் அவள் அம்மா வீட்டுக்குப் போனார்கள். இவருக்கு ஒரு பொட்டு அரிப்பு இல்லை. அந்த வாரம் மனைவி, நம்ம ரெண்டு பேருக்காக யார் கறியோடு மல்லுக்கட்டுவது என்று மீனையும் முட்டையையும் வைத்தே ஒப்பேற்றிவிட்டாள். அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மருமகள் இல்லை, அரிப்பும் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மகனிடம் சொன்னால் அவன் பெண்டாட்டி பக்கம்தான் நிற்பான். கையும் களவுமாகப் பிடித்து அவளை வீட்டை விட்டு அனுப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் தன் உயிர் தங்காது என்று முடிவுகட்டினார்.

அந்த ஞாயிறும் கறிதான். சாயங்காலம் மருமகள் இரண்டு கப்பை மேஜையில் வைத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாள். மனைவி சர்க்கரை போதவில்லை என்று எழுந்து உள்ளே போனாள். தராசுக்காரர் சட்டென்று இரண்டு கப்பையும் இடம் மாற்றினார். மனைவி வந்து உட்கார்ந்து, ஓரம் உடைந்த கப்பை எடுத்து, சர்க்கரை போட்டுக் கலக்கிக் குடித்தாள். அவர் தன் டீயைக் குடித்துக்கொண்டே அவள் உதட்டைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார்.

"என்னங்க, புதுசாப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?" என்று கேட்டாள். அவளுக்குக் கொஞ்சம் வெட்கம்கூட வந்தது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்குத்தான் தொண்டை அடைத்தது. மூச்சு விட முடியாமல் நாற்காலியோடு சரிந்தார். சரியும்போதும் அந்தச் சந்தேகப் புத்தி போகவில்லை. பாதகத்தி, நான் மாற்றுவேன் என்று தெரிந்து மற்ற கப்பில் கலந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். மறுநாள் ஒவ்வாமைக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மா வந்தார். தராசுக்காரர் வீட்டாரை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தச் சொல்லி, விஷம், மருந்துக்கடை, கப்பை மாற்றியது எல்லாவற்றையும் சாட்சி சொல்வதுபோலச் சொன்னார். அந்தம்மா விஷத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க, ஆட்டுப் பட்டிக்குப் போவீங்களா, உண்ணி ஏதும் கடிச்சிருக்கா என்றுதான் கேட்டார். இடுப்பில் கடித்த இடம் மாசக்கணக்கில் அரித்ததை இவர் காட்டினார்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். சில வகை உண்ணிகளின் எச்சிலில் ஒரு சர்க்கரைப் பொருள் இருக்கிறது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறியிலும் அதேதான் இருக்கிறது. மனித உடம்பில் அது கிடையாது. உண்ணி கடிக்கும்போது உடம்பின் நோய் எதிர்ப்புப் படை அதை எதிரி என்று குறித்துவைத்துக்கொண்டால், பிறகு கறியில் வந்தாலும் அடிக்கக் கிளம்பிவிடும். மற்ற ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட கையோடு தெரியும். இது பல மணி நேரம் கழித்து வரும். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால்தான் கண்டுபிடித்தார்கள், டாக்டர்களிலேயே பலருக்குத் தெரியாது என்றார்.

கறிக்கடைக்காரனுக்குக் கறி ஆகாதாம். இந்தம்மா மீன்கடைக்காரனுக்குச் சொந்தமோ என்று அவர் மனதில் ஓடியது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் நம்பினார்.

எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்ல டாக்டரம்மா வீட்டாரை உள்ளே கூப்பிட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே, "டீயில விஷம்னு பயந்துட்டாரும்மா. கப்பை மாத்தி வச்சும் வந்துச்சுன்னு சொன்னப்பவே டீ இல்லைன்னு தெரிஞ்சுடுச்சு" என்றார்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. மகன் முகம் சிவந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். மருமகள் அவன் கையைப் பிடித்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. உதடு மறுபடி வீங்குமோ என்ற பயத்தில்தான் தினமும் முகத்தைப் பார்த்து நின்றதாகச் சொன்னாள்.

"பரவாயில்ல மாமா. நான் வீட்டுக்குப் புதுசு. என்னை உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

தராசுக்காரரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் பெரிய பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தார். மனைவி அவர் பக்கம் திரும்பாமல் பழத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தார். கடைக்கும் போனார். கறியை அவரே தொடமாட்டேங்கிறாராம், என்ன கறியோ என்று தெருவில் பேசினார்கள். பட்டிக்குத் தரகரை அனுப்பினார். மருமகள் வழக்கம்போல டீ போட்டாள். அவளே இரண்டு கப்பையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மனைவி தன் கப்பைத் தொடவில்லை.

"அன்னிக்கு உடைஞ்ச கப் என்கிட்ட இருந்துச்சு. நாந்தான் கைமாத்தி எடுத்துட்டேனோன்னு நெனச்சேன்" என்றாள்.

"அது சும்மா, ஒரு சோதனைக்கு..."

"அவளை உங்களுக்குத் தெரியாது, சந்தேகப்பட்டீங்க. அது போகட்டும். விஷம்னு நம்பித்தானே என் பக்கம் தள்ளுனீங்க?"

அன்றைக்கு அவளுக்கு என்ன ஆகும் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

அவள் தன் கப்பை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.

"முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க."

அவர் குடித்தார். அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.