பந்துப் பையில் ஓர் உளி

பூப்பந்து மட்டையைத் துடைத்துப் பைக்குள் வைத்ததும், அதே பையிலிருந்து உளியை எடுப்பாள் சொர்ணவல்லி. அன்றைக்கு ஜெயித்த பாத்திரம் எதுவானாலும், வியர்வை காயுமுன் அதில் எழுத்து விழுந்தாக வேண்டும். அப்பா சுந்தரம் ஆசாரி காரைக்குடிக் கடைவீதியில் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டுகிறவர்; கைவாகு அங்கிருந்து வந்தது. இந்தச் சீமையில் கொடுத்தவர் பேரில்லாத செம்பு கிடையாது. இவள் செம்பில் மட்டும், 'கண்டரமாணிக்கம் போட்டி. கடைசிப் பந்து நான் அடித்தது' என்றிருக்கும்.

போட்டியில் ஆண்கள் ஜெயித்தால் கோப்பை. பெண்கள் ஜெயித்தால் குடம், அண்டா, இட்லிக் கொப்பரை. கல்யாணத்துக்கு ஆகுமே என்ற நல்லெண்ணம். அம்மா அழகம்மாளுக்கு இதில் பரம திருப்தி. மகள் தன் சீர்ச் சாமானைத் தானே அடித்துக் கொண்டுவருகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அதைக் கேட்டாலே சொர்ணவல்லிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு வேண்டியது சாமான் இல்லை, சம்பளம். நூல் மில்லின் ஆண்கள் அணிக்கு ஆடுவதற்காகவே மாதச் சம்பளம் உண்டு. பேருக்குச் சரக்குக் கிட்டங்கியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டால் போதும். தனக்கும் அப்படி ஒரு கொட்டாவி வேலை கேட்டு மேனேஜர் மெய்யநாதனை நச்சரித்தாள். பெண்பிள்ளைக்கு ஆடச் சம்பளம் கொடுத்த ஊர் உண்டா என்று அவர் சிரித்தார். அப்போதுதான் துருப்புச் சீட்டை இறக்கினாள். பழைய பத்திரிகையில் படித்தது: யுத்தத்தின்போது ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட, அமெரிக்காவில் பேஸ்பால் ஆடப் பெண்களைச் சம்பளத்துக்கு எடுத்தார்களாம். உதட்டுச் சாயம் பூசச் சொல்லி, குட்டைப் பாவாடையில் ஓட விட்டார்களாம். யுத்தம் முடிந்து பத்து வருஷத்துக்குள் எல்லா அணியையும் கலைத்துவிட்டார்களாம். அந்த இடத்தில் மட்டும் அவள் குரல் இறங்கிவிடும், கோவிலூரில் வாக்கப்பட்டு, வேண்டாமென்று திருப்பி அனுப்பப்பட்ட சித்தியின் கதையைச் சொல்வதுபோல.

"அது அமெரிக்காம்மா" என்றார் மேனேஜர்.

"அங்குட்டு மட்டும் பந்து மேலயா விழுகுது, சார்? நாலணா குடுத்தாலும் கூலின்னு குடுங்க. இனாமு வேணாம்."

போன மாதம் திருப்பத்தூர்ப் போட்டியில் மில் பேரில் பெண்கள் அணியும் இறங்கியது. ஜெயித்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார் மெய்யநாதன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஆடிய ஆட்டத்தில் எதிரணிக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஜெயித்ததும் மில் சார்பில் மேடையில் அவர் நீட்டியது இடுப்புயரக் குத்துவிளக்கு. அடித்தட்டில் 'அன்பளிப்பு' என்று வெட்டியிருந்தது. அப்பாவின் எழுத்து அவளுக்குத் தெரியாதா? வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் மனிதர் வெட்டிக் கொடுத்திருக்கிறார். சொர்ணவல்லியின் முகம் சுண்டிப் போயிற்று.

விளக்கை வாங்கியவள் மேடையை விட்டு இறங்கவில்லை. அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, விளக்கைப் படுக்க வைத்து, பைக்குள் கையை விட்டாள்.

"செத்தப் புடிச்சுக்கிருங்க, சார். உருளுது."

என்ன ஏதென்று புரியாமலே மேனேஜர் குனிந்து பிடித்துக்கொண்டார். 'அன்பளிப்பு' மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, அதன் கீழே நிதானமாக, அப்பாவுடையதைவிடப் பெரிய எழுத்தில் வெட்டினாள்: 'கூலி'.