பிரதம அதிதிக்காகக் காத்திருந்த சோறு

கட்டுகஸ்தோட்டையில் கல்யாணமோ விளையாட்டுப் போட்டியோ, சாப்பாட்டுக்கு முதலில் றம்ஸியா தாத்தாவிடம்தான் போவோம். எங்களுக்குத் தாத்தா என்றால் அக்கா. கணவர் மௌத்தான பிறகு நாலு வீட்டுக்கு இடியப்பம் அவித்துத் தொடங்கியவர், இன்று இருநூறு பேருக்குத் தனியாக நின்று சமைப்பார். கைப்பக்குவம் அப்படி. வாயும் அப்படித்தான். உப்புக் காணாது என்று எவராவது சொல்லிப் பார்க்கட்டும்! வீட்டு வாடகை, மகள் நுஹாவின் படிப்பு எல்லாம் அவர் சமையலுக்கு இருக்கும் நல்ல பெயரில்தான் ஓடுகின்றன.

போன ஏப்ரலில் எங்கள் சங்கத்தின் விளையாட்டு விழா. செயலாளர் நபீல், அதாவது நான். நெய்ச்சோறும் கோழிக்கறியுமாக நூற்றைம்பது பார்சல் சொல்லியிருந்தோம். எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று தாத்தா மூன்று தடவை கேட்டார். பன்னிரண்டரை என்று மூன்று தடவையும் சொன்னேன். சுடச்சுடக் கட்டி, பெட்டிகளில் அடுக்கி, பதினொன்றரைக்கே வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

பிரதம அதிதியைத்தான் காணவில்லை. அவர் வருமுன் பார்சலைப் பிரித்தால் சங்கத்தின் மானம் என்னாவது?

ஒரு மணிக்கு, "பெரியாக்கள் இருக்கட்டும், புள்ளைகளுக்குச் சரி குடுங்களே" என்றார் தாத்தா.

"இந்தா வாராராம்" என்றேன். இரண்டு மணிக்கும் அதையே சொன்னேன். பெட்டிகள் தகரக் கொட்டகைக்குள் வெந்துகொண்டிருந்தன. மனுஷன் வந்து சேர்ந்தது மூன்றே முக்காலுக்கு. பேச்சு வேறு இருபது நிமிடம்.

பங்கிடப் போனால், தாத்தா பெட்டிகளை மறித்துக்கொண்டு நிற்கிறார்.

"ஒருத்தரும் இதத் திங்கப்படாது."

"கெட்ட மணம் ஒண்ணும் வரல்லயே தாத்தா?" என்றேன்.

"மணம் வாற வரைக்கும் பாக்கணுமா? நாலு மணித்தியாலத்துக்கு மேல இந்த வெக்கைல கெடந்த கோழி. புள்ளைகள் ஆஸ்பத்திரில கெடந்தா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

பசித்த கூட்டம் கத்தியது. "பழுதான சோத்தக் கொண்டுவந்துட்டா" என்று யாரோ சொல்ல, பேச்சு மைதானம் முழுக்கப் பரவியது. தாத்தாவின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் இம்மியும் நகரவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மைக்கை வாங்கினேன். "சமையல்ல ஒரு பிழையும் இல்ல. நேரத்தச் சொல்லிட்டு, ஒரு ஆளுக்காகச் சோத்தக் காக்க வச்சது நான்தான்."

பிரதம அதிதி குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். பேக்கரியிலிருந்து பாணும் வாழைப்பழமும் வந்தன. அவரும் வாங்கிச் சாப்பிட்டார். பார்சல்களைக் குழி தோண்டிப் புதைத்தோம்.

ஆனாலும் ஊரில் ஓடியது 'பழுதான சோறு' என்ற பேச்சுத்தான். அடுத்த இரண்டு கிழமை, பதினாலு நாளும், தாத்தாவுக்கு ஓர்டரே இல்லை. அவர் வீட்டு ஒழுங்கைப் பக்கம் போகவே எனக்குப் பயம். மூன்றாம் கிழமை, சங்கத் தலைவர் ஜவாஹிர் ஹாஜியார் என்னையும் இழுத்துக்கொண்டு தாத்தா வீட்டுக்குப் போனார். அவருடைய மகனின் கல்யாண விருந்து, ஐந்நூறு பேர்.

"அண்டைக்கு எங்கட புள்ளைகள் சொகமா வீடு வந்து சேந்தது உங்களாலதான். நீங்கதான் சமைக்கணும்" என்றார்.

தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர்டர் எழுதும் கொப்பியை எடுத்தார். "நேரத்தச் சொல்லுங்க."

"பகல் ஒரு மணி."

"ஒரு மணிக்கு மாப்புள வராட்டியும் சோறு பந்திக்குப் போகும். சம்மதமா?"

ஹாஜியார் கொஞ்சம் யோசித்தார். தன் மகன் எதற்கும் நேரத்துக்கு எழும்பியதில்லை என்பது அவருக்குத் தெரியாதா?

"சம்மதம்" என்றார்.